அம்மம்மாவின் போக்குவரத்து

எழுவான்கரைக் கட்டுரைகள் – 7

களவெட்டியிலே பொலி அளந்து மூட்டை கட்டி, வண்டியிலும் தோணியிலுமாக நெல் எழுவான்கரைக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தினேன். நெல் வீடு வந்த பின்னர், ஆண்மக்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு மாமரத்தடியிலே பாய் விரித்துப் படுக்கின்ற அந்த இரண்டு மாத காலம், அதாவது பங்குனிக் கடைக்கூறு தொடங்கி வைகாசிப் பூரணை வரையிலான காலம், எங்கள் அம்மம்மாவுக்கு மாத்திரம் வருஷத்திலேயே வேலை மிகுந்த காலமாய் இருந்தது. அந்த வேலை இன்னதென்று ஆண்களுக்கு விளங்கியதில்லை. “கிழவி ஊர் சுற்றப் போயிற்று” என்று அப்பு ஒரு வரியிலே அதனை முடித்துவிடுவார். அவர் அப்படிச் சொன்னது எத்துணைப் பெரிய அறியாமை என்பது எனக்கே தலை நரைத்த பின்னர்தான் தெரிந்தது.

அந்தக் காலத்தை நூல்வழக்கிலே இளவேனில் என்பர். வடமொழியாளர் வசந்த ருது என்பர். தென்றலும் மாந்தளிரும் குயிலோசையுமாகக் காவியங்களிலே வருகின்ற வசந்தம் செட்டிபாளையத்துக்கு அப்படியே வந்து இறங்குவதில்லை. மணல் உள்ளங்காலைச் சுடும். கிணற்றுக் கயிற்றுக்கு ஒரு முழம் கூடுதலாய் முடிய வேண்டியிருக்கும். வேம்பு பூத்து முற்றமெல்லாம் வெள்ளையாய்ச் சொரிந்து கிடக்கும். கஜுப் பழத்தின் துவர்த்த மணம் கடற்கரைப் பக்கத்துக் காணிகளிலிருந்து மாலைக் காற்றோடு வரும். பிள்ளைகள் ஒரு சிரட்டையிலே உப்பையும் மிளகாய்த்தூளையும் குழைத்து வைத்துக்கொண்டு மாங்காய் விழும் என்று காத்திருப்பார்கள். எங்கள் வசந்தம் இவ்வளவே. ஆயினும் வசந்தன் என்ற பெயரிலே ஒரு கூத்தையே வைத்து ஆடி வந்தவர்கள் மட்டக்களப்பார். கையிலே கோல் பிடித்து வட்டமாய் நின்று ஆடும் அக்கூத்தின் பாடல்களைத் தேடித் திரட்டித் தி. சதாசிவ ஐயர் அவர்கள் 1940 ஆம் ஆண்டில் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்று அச்சேற்றி வைத்தார்கள். அப்படியொரு புத்தகம் இருப்பது அம்மம்மாவுக்குத் தெரியாது, பாட்டுகள் தெரியும்.

இனி, தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1958 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி, அதுவரை தனியார் கம்பெனிகள் ஓட்டிய பஸ்களையெல்லாம் அரசாங்கம் பொறுப்பேற்று, அதற்கென ஏற்படுத்திய ஸ்தாபனத்துக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை என்று பெயரிட்டது. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்னரே அந்தச் சொல்லை எங்கள் பெண்கள் வைத்திருந்தார்கள். அவர்கள் வாயிலே அதற்கும் வாகனத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. “அவங்களோட எங்களுக்குப் போக்குவரத்து இல்ல” என்று ஒருத்தி சொன்னால், இரண்டு வீட்டுக்கும் நடுவே நன்மை தின்மைக்குப் போதலும் வருதலும் அறுந்துபோயின என்பது பொருள். அவ்வீட்டுக் கல்யாணத்துக்கு இவ்வீட்டிலிருந்து ஆள் போகாது, இவ்வீட்டுச் சாவுக்கு அவ்வீட்டிலிருந்து வாய்க்கரிசி வராது என்பது பொருள். சபை பஸ் ஓட்டியது. அம்மம்மா போக்குவரத்தை நடத்தினார். இரண்டிலும் எது நேரந்தவறாமல் நடந்தது என்று கேட்டால், நான் அம்மம்மாவின் பக்கமே சாட்சி சொல்வேன்.

மட்டக்களப்பு நாட்டின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காக இதனைச் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ முப்பத்தைந்து மைல் நீண்டு கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் சூரியன் எழும் பக்கமாதலால் எழுவான்கரை; மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்து கிடப்பது சூரியன் படும் பக்கமாதலால் படுவான்கரை. கல்முனை வீதியிலே மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி வருகிறவர் குருக்கள்மடத்தைத் தாண்டியதும் செட்டிபாளையத்தில் நிற்பார்; அடுத்து மாங்காடு, அதற்கடுத்துத் தேற்றாத்தீவு, அப்பால் களுதாவளை. எங்கே ஓர் ஊர் முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்பது வெளியூரானுக்குத் தெரியாது. உள்ளூரானுக்கு ஒரு வேலி, ஒரு பூவரசு, ஒரு கிணறு போதும். தேங்காயும் மீனும் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுவான்கரையில். நெல்லும் தயிரும் தேனும் படுவான்கரையில். ஆகவே ஒரு கரையிலே குடியிருப்பவனுக்கு மறுகரையிலே உறவு இல்லாமல் சோறு இறங்காது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்திலே குடி தாய்வழியாய் வருவது. வீடு மகளுக்குப் போவது. மகனுக்குக் கல்யாணம் என்றால் அவன் துணிமணியோடு பெண்வீட்டுக்குப் புறப்பட்டுப் போகிறான். மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய் அவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, வளவிலேயே ஒரு சிறு குடில் கட்டிக்கொண்டு ஒதுங்குகிறாள். இந்த முதுச முறைகளைக் கிறிஸ்தோப்பர் பிரிட்டோ என்பவர் முக்குவர் சட்டம் என்று 1876 ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் எழுதி அச்சிட்டிருக்கிறார். சட்டப் புத்தகத்திலே அது பாகப்பிரிவினையாகத்தான் தெரியும். நடைமுறையிலே அதன் பலன் வேறு: அக்காவின் வேலிக்கு அப்பால் தங்கை, தங்கையின் கிணற்றுக்கு அப்பால் சின்னம்மாவின் மகள் என்று பெண்கள் ஓரிடத்திலே வேர்விட்டு நிற்க, அவர்களுடைய சகோதரன்மார்கள் நாலு ஊருக்குக் காற்றிலே போன பஞ்சுபோலச் சிதறிப் போகிறார்கள். அந்தச் சகோதரர்களை அவரவர் மனைவிமாருடைய வீடுகளிலே போய்க் கண்டு, “உனக்கு இங்கே ஒரு தாய்வீடு இருக்கிறது” என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது நினைவூட்டுவது எவருடைய பொறுப்பு? மூத்த பெண்ணின் பொறுப்பு. அம்மம்மா எட்டுப் பேரிலே மூத்தவர். அவருக்குக் கீழே ஐந்து ஆண்கள். இப்போது கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வருஷப் பிறப்பன்றே அந்தப் பொறுப்பு தொடங்கும். கோயிலிலிருந்து செம்பிலே மருத்துநீர் வந்ததும், அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று விதித்திருக்கிறதோ அவ்விரண்டையும் தேடிக் கொண்டுவந்து, எங்களை வரிசையாய் நிறுத்தி, உச்சியிலே தேய்த்துவிடுவார். மருத்துநீரின் மணத்தை இன்னதென்று எழுத எனக்குத் திராணியில்லை. பாலும் மஞ்சளும் துளசியும் மிளகும் கோரோசனையும் ஒன்றாய்க் கலந்தால் என்ன மணக்குமோ அது. புதுவருஷம் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த மணமே தவிர, வெடியோசை அன்று. முழுகிப் புக்கை பொங்கிப் படைத்த பின்னர் கைவிசேஷம். வெற்றிலையிலே ஒரு பிடி நெல்லும் ஒரு நாணயமும் வைத்துக் கொடுப்பார். நாணயம் எத்தனை சதமென்று பார்க்க அவசரப்படுகிற கை எது, நெல்லைச் சிந்தாமல் வாங்குகிற கை எது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை, பின்னொரு நாள் என் தங்கைக்கு வீடு கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தபோது அறிந்துகொண்டேன்.

மறுநாள் தொடங்கி ஊரூராய்ப் பிரயாணம். பலகாரப் பெட்டியை நான் சுமப்பேன். வட்டாவை அவர் எவரிடமும் கொடுப்பதில்லை.

இந்த வட்டாவைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். பித்தளையிலே வார்த்த, ஒற்றைக்கால் வைத்த, விளிம்பு விரிந்த ஒரு தட்டம் அது. இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாலொழிய நிலைகொள்ளாத கனம். புளியும் சாம்பலும் போட்டு அவரே தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து விளிம்பிலே இருந்த பூவேலை பாதி அழிந்துபோயிற்று. களுதாவளை வெற்றிலையைத் தவிர வேறெதையும் அதிலே வைக்கமாட்டார். களுதாவளையிலே வெற்றிலைக் கொடிக்கால்கள் பெயர்பெற்றவை. அந்த ஊர் மணலிலே கிணற்றுநீர் அள்ளி ஊற்றி வளர்த்த கொடியின் இலை, மடித்தால் முறியாது, மென்றால் காந்தாது என்பது அவருடைய தீர்ப்பு. வருஷத்து முதற் பிரயாணம் அந்தத் திசையிலே அமைந்ததற்கு அங்கே அவருடைய தம்பி ஒருவர் பெண்ணெடுத்து இருந்தது மாத்திரம் காரணமன்று.

வட்டாவிலே அடுக்குகிற முறையும் உண்டு. காம்பெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம். பச்சை முகம் மேலே. நடுவிலே சீவற் பாக்கு, ஓரத்திலே சுண்ணாம்பு. ஒரு வீட்டுக்குள்ளே போய்ப் பாயிலே உட்கார்ந்ததும், அந்த வீட்டுக்காரி தன் வட்டாவைக் கொண்டுவந்து அம்மம்மாவின் முன்னே வைப்பாள். அம்மம்மா பேசிக்கொண்டே அதனை ஒரு கண்ணால் பார்ப்பார். அவ்வளவுதான், அந்த வீட்டின் க்ஷேமலாபங்கள் முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும். வெற்றிலை வாடியிருந்தால் வீட்டிலே காசுத் தட்டுப்பாடு. பாக்கு கனமாய்ச் சீவியிருந்தால் சீவிய கை கோபமாயிருக்கிறது. மாமியார் மருமகன் விவகாரம். சுண்ணாம்பு காய்ந்து கல்லாய்க் கிடந்தால் பல நாளாய் அந்த வீட்டுக்கு எவரும் வரவில்லை. இந்தச் சாஸ்திரத்தை அவர் எனக்குத் திரும்பி வரும் வழியிலே, கல்முனை வீதியின் ஓரத்திலே நிழல் பார்த்து நடந்துகொண்டே கற்பித்தார். எத்தனை தடவை பரீட்சித்துப் பார்த்தும் அது பொய்த்ததை நான் கண்டதில்லை.

தேற்றாத்தீவிலே ஒரு வீடு, மாங்காட்டிலே இரண்டு வீடு என்று போகிற வழியிலும் வருகிற வழியிலுமாக முடிப்பார். எந்த வீட்டிலே எத்தனை நாழிகை இருப்பது என்பதற்கும் கணக்குண்டு. சென்ற வருஷம் அவர்கள் எங்கள் வீட்டிலே சாப்பிட்டிருந்தால் நாங்கள் அங்கே சாப்பிடவேண்டும்; தேத்தண்ணியோடு எழும்பியிருந்தால் தேத்தண்ணி மாத்திரம். எழுத்து வாசனை அதிகமில்லாத அந்த அம்மையார் ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகளின் வரவையும் செலவையும் தலைக்குள்ளே வைத்திருந்தார். “போன சித்திரைக்கு அவ வந்தா, நான் போகல்ல, இந்த முறை நான் போகாட்டி அவ வரமாட்டா, மறுகா அவட புள்ளைகளும் வராதுகள்” என்பார். உறவு அறுவது சண்டையால் அல்ல, ஒரு சித்திரை தவறுவதால் என்பது அவருடைய கட்சி. சண்டையைத் தீர்க்க வழியுண்டு. மறதியைத் தீர்க்க வழியில்லை.

அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்பீர்கள். பாலர் பருவத்திலே எனக்கும் அதுவே பெரிய அலுப்பாயிருந்தது. மணிக்கணக்காய்ப் பேசுவார்கள், கேட்டால் ஒன்றுமில்லை. எந்த மாடு கன்று போட்டது, எவளுடைய கீரைப்பாத்தியை ஆடு மேய்ந்தது, முசுட்டையிலை வறைக்குத் தேங்காய்ப்பூ எந்த நேரத்திலே போடுவது, இறாலோடு முருங்கைக்காய் சேருமா பூசணி சேருமா. இந்தச் சம்பாஷணையின் ஊடே, மேலோடு போகிற பேச்சின் அடியிலே, ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளையும் ஒரு பையனுக்கு வயல்வேலையும் ஒரு விதவைக்கு அரைமூட்டை நெல்லும் தீர்மானமாகிக்கொண்டிருந்தன. “புள்ள” என்பார்கள், “என்னகா” என்பார்கள், சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்போது விஷயம் முடிந்திருக்கும். பிற்காலத்திலே எத்தனையோ மகாநாடுகளிலே நான் உட்கார்ந்திருக்கிறேன். தீர்மானம் தீர்மானமென்று எழுதி வாசித்து ஒன்றும் நிறைவேறாமல் எழும்பி வந்த போதெல்லாம், இறாலுக்கு முருங்கைக்காயா பூசணியா என்ற அந்த விவாதம் ஞாபகத்துக்கு வரும்.

இத்தனையும் எழுவான்கரைக்குள்ளே. அம்மம்மா ஆசையோடு காத்திருந்தது படுவான்கரைப் பயணத்துக்கு.

குருக்கள்மடத்துத் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையிலே போவோம். எங்கள் ஊரிலே பாதை என்றால் வழியல்ல; வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை பரப்பி, மாட்டையும் வண்டியையும் மனிதரையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் கொண்டுபோகிற மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். வெளியூர் நண்பர் ஒருவர், “பாதை வரும், சற்று இருங்கள்” என்று துறையிலே சொன்னதைக் கேட்டு, பாதை எப்படி வரும் என்று விழித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பாதை நடுவாவிக்கு வந்ததும் அம்மம்மா முக்காட்டை எடுத்துவிடுவார். வீட்டிலும் கோயிலிலும் உறவினர் முன்னிலையிலும் ஒருபோதும் நழுவாத அந்த முக்காடு, கரை இரண்டும் தூரத்திலே நிற்கும் அந்தக் கால் மணி நேரத்துக்கு மாத்திரம் தோளிலே கிடக்கும். காற்று அவருடைய நரைமயிரைக் கலைக்கும். ஒன்றும் பேசமாட்டார். அக்கரை மரங்கள் தெளிவாய்த் தெரியத் தொடங்கியதும் முக்காடு மறுபடி தலைக்கு ஏறும். அதுதான் அவருடைய சொந்த உல்லாசம் என்பதை அந்நாளிலே நான் உணரவில்லை. வெயிலுக்கு என்று எண்ணிக்கொண்டேன்.

வாவியின் மேல் இருக்கும்போது மீன் பாடுமா என்று ஒருமுறை கேட்டேன். பள்ளிக்கூடத்திலே மட்டக்களப்பு மீன்பாடும் தேன்நாடு என்று கட்டுரை எழுதிவிட்டு வந்திருந்த நேரம். “மீனெங்க மனே பாடுற, அது ஊரி” என்று சொன்னார். அவர் சொன்னதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1848 ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட் துரை, தோணியிலே போய் அந்த ஓசையைத் தாமே காதாரக் கேட்டு, இங்குள்ள மீனவர் அது ஊரியின் குரல் என்று சொன்னதையும் தம்முடைய இலங்கை வரலாற்றிலே எழுதி வைத்திருக்கிறார். மீனுக்குப் புகழும் ஊரிக்குச் சுண்ணாம்புச் சூளையும் என்று விதி. அந்தச் சுண்ணாம்புதான் வட்டாவிலே வந்து உட்காருகிறது என்று அம்மம்மா சொல்லிச் சிரித்தார்.

அம்பிளாந்துறைக்கு அப்பால், கடுக்காமுனைப் பக்கத்திலே அவருடைய சிநேகிதி ஒருவர் இருந்தார். உறவல்ல, குடியும் வேறு. சிறு வயதிலே இருவரும் ஒரே களவெட்டியிலே அவல் இடித்தார்களாம், அவ்வளவுதான் பந்தம். அந்த அம்மையார் பன்பாய் இழைப்பவர். குளக்கரையிலும் வாவிக்கரையிலும் வளருகிற பன்னை அறுத்து, வெயிலிலே உலர்த்தி, தட்டையாக்கி, சிலதைச் சிவப்பும் ஊதாவுமாய்ச் சாயத்தில் அவித்து, தரையிலே காலை நீட்டி உட்கார்ந்து, குதிக்காலால் ஒரு நுனியை மிதித்துக்கொண்டு இழைப்பார். விரல்கள் ஓடுவது கண்ணுக்குப் பிடிபடாது. அம்மம்மா போய் உட்கார்ந்ததும், அந்தப் பாயின் மறுகோடியிலே அவரும் கைவைத்து இழைக்கத் தொடங்கிவிடுவார். நலம் விசாரிப்பது, ‘வாங்க, இருங்க’ என்கிற உபசாரம் ஒன்றுமில்லை. சென்ற சித்திரையிலே பாதியிலே விட்ட பேச்சை அப்படியே தொடர்வார்கள் போலத் தோன்றும். மாலை வரையில் இரண்டு கோடியிலிருந்தும் பாய் நெருங்கி வரும். அவர்களும் சிறிது சிறிதாய் நகர்ந்து அருகே வருவார்கள். அம்மம்மா இழைத்த பாதி சற்றே கோணலாயிருக்கும். அதனை அவிழ்க்க அந்த அம்மையார் சம்மதிப்பதில்லை. “கிடக்கட்டுங்கா, படுத்தா நேராகிரும்” என்பார். ஐம்பது வீட்டுக்குக் கணக்கு வைத்திருந்த அம்மம்மா, இந்த ஒரு வீட்டுக்கு மாத்திரம் வரவும் செலவும் பார்த்ததில்லை. சிநேகத்துக்கும் உறவுக்கும் என்ன பேதம் என்று எவரேனும் என்னைக் கேட்டால், கணக்கு வைப்பது உறவு, வைக்க மறப்பது சிநேகம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

திரும்பும்போது எருமைத்தயிர்ச் சட்டிகளும் ஒரு பாயும் எங்களோடு வரும். இந்தத் தயிர்ச் சட்டியைக் கொண்டு அம்மம்மா ஒரு வருஷம் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எங்கள் ஊரிலேயே, வேலிக்கு வேலி இருந்த இரண்டு சகோதரிகள், அம்மம்மாவின் சிறியதாய் மக்கள், மூன்று வருஷமாய்ப் பேச்சில்லாமல் இருந்தார்கள். காரணம் ஒரு தென்னை. மரம் ஒருத்தியின் வளவிலே. தலை சாய்ந்து மற்றவளின் வளவுக்கு மேலே. தேங்காய் விழுகிறது அங்கே. பாத்தியதை எவளுக்கு? விதானையார் வரைக்கும் போன வழக்கு அது. அந்தச் சித்திரையில் குருக்கள்மடத்துத் துறையிலிருந்து உச்சிவெயிலிலே நடந்து வந்த அம்மம்மா, எங்கள் வீட்டுக்குத் திரும்பாமல், மூத்தவளின் படலையைத் திறந்துகொண்டு போய்த் திண்ணையிலே தயிர்ச் சட்டியோடு உட்கார்ந்துவிட்டார். “தலை சுத்துது புள்ள, தண்ணி கொஞ்சம் தா” என்றார். தண்ணீர் வந்தது. “உன்ட கிணத்துத் தண்ணி கைக்குதே; தங்கச்சிட கிணத்துத் தண்ணிதான் எனக்குச் சரிவரும்; போய் ஒரு செம்பு வாங்கித்து வா” என்று கண்ணை மூடிக்கொண்டார். மூத்தவள் வேர்த்துப் போனாள். மயங்கிக் கிடக்கிற கிழவிக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்ல முடியுமா? வேலியடியிலே நின்று, மூன்று வருஷத்துக்குப் பிறகு, “இஞ்ச, அக்காவுக்கு ஒரு செம்பு தண்ணி” என்று கூப்பிட்டாள். இளையவள் தண்ணீரும் கொண்டு வந்தாள், விசிறியும் கொண்டு வந்தாள். வந்தவளுக்கு இருக்கப் பாய் போட்டாயிற்று, வட்டாவும் வந்துவிட்டது. அம்மம்மா எழும்பி உட்கார்ந்து, தயிரை மூன்று பங்காய்ப் பிரித்துக் கொடுத்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கிணற்று நீர் உண்மையிலே கைத்ததா என்று வழியிலே கேட்டேன். “ரெண்டு கிணத்துக்கும் ஒரே ஊத்துத்தான் மனே” என்றார்.

வழக்குக்குக் காரணமாயிருந்த அந்தத் தென்னை 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியிலே விழுந்தது. அன்று எழுவான்கரையிலே தலையோடு நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம். அந்த இரவை இரண்டு குடும்பமும் இளையவளின் கல்வீட்டு அறையொன்றிலே கழித்தன.

வைகாசி பிறந்தால் பிரயாணம் நின்றுவிடும். அப்போது உறவுகள் எங்களைத் தேடி வருகிற முறை. மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகையம்மன் கோயில்கள் பலவற்றில் வைகாசிப் பூரணையை ஒட்டித்தான் கதவு திறப்பார்கள். வருஷம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் சந்நிதிகள் சில நாளைக்குத் திறந்து, வழக்குரை பாடி, திருக்குளிர்த்தியோடு மறுபடி அடைக்கப்படும். தம்பிலுவில், காரைதீவு, பட்டிமேடு என்று கண்ணகி இருக்கிற ஊர்களின் வரிசையிலே செட்டிபாளையத்துக்கும் இடமுண்டு. பாண்டியனிடம் நீதி கேட்டு, மதுரையை எரித்து, கோபம் தணியாமல் கடல் கடந்து வந்தவளைக் குளிரவைத்து அனுப்புவதே அந்தச் சடங்கின் உட்பொருள். சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். அந்த நாள்களிலே எங்கள் வீட்டுத் தாழ்வாரமெல்லாம் பன்பாய் விரிந்து கிடக்கும். படுவான்கரையிலிருந்து வந்தவர்கள் நெல்லும் தேனும் கொண்டு வருவார்கள். வேப்பிலையும் மாவிளக்கும் வைத்த மடைப்பெட்டியை அம்மம்மா தலையிலே வைத்துப் புறப்படும்போது பெண்கள் குரவையிடுவார்கள். குளிர்த்தி பாடி முடிந்து, கும்பத்து நீரைக் கூட்டத்தின்மேல் தெளிக்கும்போது, அந்தச் சகோதரிகள் இருவரும் ஒரு துளிக்காக ஒருவரையொருவர் முன்னே தள்ளிக்கொண்டு நின்றதை அந்த வருஷம் நான் பார்த்தேன். அம்மம்மாவும் பார்த்தார். பாராதவர்போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

குளிர்த்தி முடிந்த மறுநாள் கச்சான் காற்று மணலை வாரி வீசத் தொடங்கும். வந்தவர்கள் புறப்படுவார்கள். எவரும் “போகிறேன்” என்று சொல்லமாட்டார்கள். “போயித்து வாறன்” என்பார்கள். அம்மம்மா படலையடியிலே நின்று எவரெவர் சொன்னார்கள், எவர் சொல்லாமல் நழுவினார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த சித்திரைக்கான கணக்கு அங்கேயே தொடங்கிவிடும்.

இப்போது மண்முனையிலே 2014 ஆம் ஆண்டு முதல் பாலம் இருக்கிறது. கொக்கட்டிச்சோலைக்கும் அதற்கப்பாலும் போகிறவர்கள் வாகனத்தை விட்டு இறங்காமலே படுவான்கரையை அடைகிறார்கள். அந்தப் பாலத்தை அம்மம்மா காணவில்லை. கடுக்காமுனை அம்மையார் இழைத்த கடைசிப் பாய், அம்மம்மா இழைத்த கோணற் பாதியோடு, அவரைக் கிடத்துவதற்கு உதவிற்று. வட்டா என் தங்கையிடம் இருக்கிறது. வீடும் அவளுடையதே. சித்திரை பிறந்து மூன்றாம் நாள் அவள் அதனைப் புளியிட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வருகிறாள், நான் குடியிருக்கும் என் மனைவியின் வீட்டுக்கு.